பாலன் டி'ஓர் முதல் டிரெஸ்ஸிங் ரூம் சண்டை வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. ஐரோப்பியக் கால்பந்தை இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கிறவன் என்று அலுவலகத்திலும் உறவினர் நடுவிலும் பெயர் வாங்கிவிட்டேன். யாருக்கு விருது, யார் யாரோடு பேசுவதில்லை என்ற சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வந்து சேர்கிறது. ஒரே பதிலை ஏழெட்டுப் பேருக்குத் தனித்தனியாக எழுதி அலுத்துப்போன பிறகு இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழிக்கு நெருக்கமாகவே விட்டிருக்கிறேன். கோபமாகக் கேட்டவர்களின் கோபமும் அப்படியே இருக்கிறது.

பாலன் டி'ஓர் என்பது ஃபிஃபா கொடுக்கும் விருதுதானே?

இல்லை. ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கென்று பிரான்ஸ் ஃபுட்பால் என்ற பிரெஞ்சுப் பத்திரிகை 1956-இல் தொடங்கிய விருது அது. முதல் விருது இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸுக்குப் போனது. அப்போது அவருக்கு வயது 41. ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவை அவர் முந்தியது 47க்கு 44 என்ற கணக்கில், வெறும் மூன்று புள்ளிகளில். "இந்த முறை மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கம்?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: பிறந்த வருடத்திலிருந்தே இப்படித்தான்.

ஃபிஃபா 2010 முதல் 2015 வரை ஆறு ஆண்டுகள் இதில் பங்காளியாக இருந்தது. பிரிந்துபோனதும் 'தி பெஸ்ட்' என்று தனிக்கடை போட்டுக்கொண்டது. 2024 முதல் விழாவை நடத்துவதில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான யூஃபா கைகோத்திருக்கிறது. வாக்கெடுப்பு மட்டும் இன்றும் பத்திரிகையின் கையில்தான்.

தங்கப் பந்து, தங்கக் காலணி, பாலன் டி'ஓர் மூன்றும் ஒன்றா, வேறு வேறா?

குழப்பம் பெயரில் இருக்கிறது. பாலன் டி'ஓர் என்ற பிரெஞ்சுப் பெயருக்கே தங்கப் பந்து என்றுதான் பொருள். ஆனால் நம் செய்திகளில் தங்கப் பந்து என்று வருவது பெரும்பாலும் உலகக்கோப்பைத் தொடரின் சிறந்த வீரருக்கு ஃபிஃபா தருவது. மெஸ்ஸி அதை 2014-இலும் 2022-இலும் வாங்கினார். தங்கக் காலணி கோல் கணக்குக்கு உரியது. அதிலும் இரண்டு உண்டு: உலகக்கோப்பையில் அதிகக் கோல் அடித்தவருக்கு ஒன்று, ஐரோப்பிய லீக்குகளில் ஒரு பருவம் முழுக்க அடித்த கோல்களுக்கு இன்னொன்று. இரண்டாவதன் கதை வேடிக்கையானது, கொஞ்சம் பொறுங்கள்.

யார் வாக்களிக்கிறார்கள்? நமக்கு அதில் வாக்கு உண்டா?

பாலன் டி'ஓர் ஆண்கள் விருதுக்கு, ஃபிஃபா தரவரிசையின் முதல் 100 நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர் வாக்களிக்கிறார். 2022-இல் வந்த விதி இது. அதற்கு முன்பு இன்னும் அதிக நாடுகளுக்கு வாக்கு இருந்தது. இந்திய அணி சமீப ஆண்டுகளில் நூறைத் தாண்டிக் கீழே நிற்பதால், நாம் பார்வையாளர்கள் மட்டுமே.

தி பெஸ்ட் விருதில் கதை வேறு. ஒவ்வொரு தேசிய அணியின் கேப்டன், பயிற்சியாளர், நாட்டுக்கு ஒரு பத்திரிகையாளர், இவர்களோடு ரசிகர்கள் என்று நான்கு பிரிவு. நான்குக்கும் சம எடை. அங்கே இலங்கைக் கேப்டனின் சீட்டும் அர்ஜென்டினாக் கேப்டனின் சீட்டும் ஒரே மதிப்புத்தான். யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை ஃபிஃபாவே வெளியிடும். சுனில் சேத்ரி இந்தியக் கேப்டனாக இருந்த காலத்தில், அவருடைய சீட்டில் யார் பெயர் இருந்தது என்பதைப் பார்த்து எங்கள் அலுவலகத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியிருக்கிறோம்.

வாக்கை எப்படி எண்ணுகிறார்கள்?

பத்திரிகை 30 பேர் கொண்ட பட்டியலை வெளியிடும். 2024 முதல் ஒவ்வொரு நடுவரும் அதிலிருந்து பத்துப் பேரை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 15 புள்ளி, அடுத்து 12, 10, 8, 7, 5, 4, 3, 2, கடைசிக்கு 1. அதற்கு முன் ஐந்து பேர்தான். 6, 4, 3, 2, 1 என்று கணக்கு.

இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு ஜனவரி முதல் டிசம்பர் வரை பார்த்தார்கள். 2022 முதல் ஐரோப்பியப் பருவத்தைப் பார்க்கிறார்கள். தனிப்பட்ட ஆட்டம் முதலில், அணி வென்ற கோப்பைகள் அடுத்து, நடத்தையும் நேர்மையும் அதற்கு அடுத்து. "வாழ்நாள் சாதனை" என்ற அளவுகோலை எடுத்துவிட்டார்கள். இந்தப் புள்ளிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 2024 ரகளைக்கு வரும்போது வேண்டும்.

பெலேவுக்கும் மரடோனாவுக்கும் கொடுக்காத விருதை எப்படி உலகின் பெரிய விருது என்கிறீர்கள்?

நியாயமான கோபம். 1994 வரை ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவருக்கு மட்டுமே என்பது விதி. நாப்போலிக்கு 1987-இலும் 1990-இலும் இத்தாலிய லீக்கை வென்று கொடுத்த மரடோனா ஐரோப்பாவின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தார். இருந்தும் பட்டியலில் இடமில்லை. அர்ஜென்டினாவில் பிறந்த டி ஸ்டெஃபானோ 1957, 1959 இரண்டு முறை வாங்கினாரே என்றால், அவர் ஸ்பெயின் குடியுரிமை எடுத்திருந்தார்.

1995-இல் கதவு பாதி திறந்தது: ஐரோப்பிய கிளப்பில் ஆடும் எந்த நாட்டவரும் வரலாம். திறந்த அதே ஆண்டில் லைபீரியாவின் ஜார்ஜ் வியா வாங்கிக்கொண்டு போனார், பிற்காலத்தில் தன் நாட்டின் அதிபரான அதே வியா. 2007 முதல் எந்த நாட்டில் ஆடினாலும் தகுதி உண்டு. மரடோனாவுக்கும் பெலேவுக்கும் பின்னர் கௌரவ விருது கொடுத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்து முடிந்தபின் வடத்தைக் கையில் கொடுத்த மாதிரி.

கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரருக்கும் கிடைக்கவே கிடைக்காதா?

கோல்கீப்பரில் ஒரே ஒருவர், 1963-இல் சோவியத் யூனியனின் லெவ் யாஷின். தடுப்பாட்டத்தில் பெக்கன்பவர் இரண்டு முறை, சாமர் 1996-இல், கன்னவாரோ 2006-இல். 2019 முதல் சிறந்த கோல்கீப்பருக்கு யாஷின் பெயரில் தனி விருது தருகிறார்கள். பெரிய விருது இனியும் உங்களுக்கு வராது என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது என்பது என் எண்ணம்.

கருத்துக் கேட்பதால்தானே இவ்வளவு சண்டை? அதிகக் கோல் அடித்தவருக்குக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததே?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தங்கக் காலணி முன்பு வெறும் கோல் எண்ணிக்கைக்குத் தரப்பட்டது. 1986-87 பருவத்தில் ருமேனியாவின் தினாமோ புக்கரெஸ்ட் வீரர் கமதாரு 44 கோல் அடித்து வாங்கினார். பருவத்தின் கடைசிப் போட்டிகளில் அவருக்கு மட்டும் பெய்த கோல் மழையைப் பார்த்து ஐரோப்பாவே புருவம் உயர்த்தியது. இரண்டாமிடத்தில் இருந்த ஆஸ்திரியாவின் போல்ஸ்டருக்கும் பின்னர் ஒரு காலணி கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

1991-இல் கூத்து இன்னும் பெரியது. ரெட் ஸ்டார் பெல்கிரேடின் பான்செவ் 34 கோலோடு முன்னே இருக்க, எங்கள் நாட்டில் ஒருவர் 40 கோல் அடித்திருக்கிறார் என்று சைப்ரஸ் கால்பந்துச் சங்கம் முறையிட்டது. அந்தப் பருவத்துக்கான அந்நாட்டின் பதிவேட்டில் முதலிடத்தில் இருந்தவர்களின் கணக்கு 19 கோல்தான்! விருதையே சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தார்கள். பான்செவின் கைக்குக் காலணி வந்து சேர்ந்தது 2006-இல்.

அதனால்தான் 1996-97 முதல் லீக்கின் தரத்துக்கு ஏற்பப் பெருக்குகிறார்கள். பெரிய ஐந்து லீக்குகளில் ஒரு கோலுக்கு 2 புள்ளி, அடுத்த நிலை லீக்குகளில் 1.5. 2024-25-இல் போர்ச்சுகலில் யோகெரெஸ் 39 கோல் அடித்தார், 58.5 புள்ளி. ஸ்பெயினில் எம்பாப்பே அடித்தது 31தான், 62 புள்ளி. காலணி எம்பாப்பேக்கு. இப்போது சண்டை கோலைப் பற்றி இல்லை, எந்த லீக்குக்கு எவ்வளவு பெருக்கல் என்பதைப் பற்றி.

2010-இல் ஸ்னைடரையும் 2013-இல் ரிபெரியையும் ஏமாற்றினார்களா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஒரே சொல்லில் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். 2010-இல் ஸ்னைடர் இன்டர் மிலானோடு மூன்று கோப்பைகளை வென்று, நெதர்லாந்தை உலகக்கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். வாக்களித்த பத்திரிகையாளர்கள் அவரைத்தான் முதலில் வைத்தார்கள். ஆனால் அதுதான் ஃபிஃபாவோடு சேர்ந்த முதல் ஆண்டு. கேப்டன்களும் பயிற்சியாளர்களும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எடையோடு உள்ளே வந்தார்கள். மெஸ்ஸி வென்றார், ஸ்னைடர் நான்காவது. ஒரு வருடம் முன்பிருந்த முறையே தொடர்ந்திருந்தால் பரிசு அவருக்குத்தான். இதில் திருட்டு எதுவும் இல்லை. பந்தயம் ஓடும் வருடத்தில் பாதையை மாற்றினார்கள்.

2013 எனக்கு உறுத்துகிறது. வாக்களிக்கக் கடைசி நாள் நவம்பர் 15. போதிய வாக்குகள் வரவில்லை என்று 29 வரை நீட்டித்தார்கள். இடையில் 19-ஆம் தேதி ஸ்வீடனில் ரொனால்டோ மூன்று கோல் அடித்துப் போர்ச்சுகலை உலகக்கோப்பைக்கு அழைத்துச் சென்றார். ஏற்கெனவே வாக்களித்தவர்களும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பேயர்ன் மியூனிக்கோடு மூன்று கோப்பை வென்றிருந்த ரிபெரிக்கு மூன்றாமிடம். ரொனால்டோ தகுதியற்றவர் என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் அவர் அடித்த கோல்கள் அப்படி. ஆனால் தேர்வு நேரம் முடிந்து மணி அடித்த பிறகு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தால் மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

லெவண்டோவ்ஸ்கிக்கு 2020 விருதை இப்போதாவது கொடுக்கலாமே?

கொடுக்கலாம், கொடுக்கவில்லை. 2019-20-இல் 47 போட்டிகளில் 55 கோல், பேயர்னுக்கு மூன்று கோப்பை. கொரோனாவால் பருவங்கள் சமமாக முடியவில்லை என்று ஜூலை 20-ஆம் தேதியே விருதை ரத்து செய்துவிட்டார்கள். ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய தொடரான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டி நடந்தது ஆகஸ்ட் 23-இல். அவசரம் புரிகிறதா? அடுத்த ஆண்டு 613க்கு 580 என்று மெஸ்ஸியிடம் தோற்றார். 2020 விருது உனக்கு உரியது என்று மெஸ்ஸி மேடையிலேயே சொன்னார். தி பெஸ்ட் விருதை லெவண்டோவ்ஸ்கி இரண்டு ஆண்டும் வாங்கினார் என்பதை அவருடைய ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2024-இல் வினிசியஸுக்குக் கிடைக்காததற்கு அரசியல்தானே காரணம்?

இந்தக் கேள்வி வந்த எண்ணிக்கையே இந்தத் தொகுப்புக்கு முக்கால்வாசிக் காரணம். முதலில் எண்கள். ரோட்ரி 1170, வினிசியஸ் 1129, பெல்லிங்கம் 917, கர்வகால் 550. முதல் இருவருக்கும் இடையே 41 புள்ளி. மேலே சொன்ன கணக்கில் இது மூன்று முதலிட வாக்குகளுக்கும் குறைவு. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூவரும் ரியல் மாட்ரிட்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு நடுவர் மாட்ரிட்டின் பருவத்தை மெச்சினால் அவருடைய புள்ளிகள் மூன்று பாத்திரங்களில் போய் விழும். மான்செஸ்டர் சிட்டியை மெச்சியவருக்கு ரோட்ரி என்ற ஒரே பாத்திரம் முன்னால் நின்றது. விருதை நடத்துபவர்களும் ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் சொன்னார்கள்.

ஆட்டத்தைப் பார்த்தால், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் கோல் அடித்தவர் வினிசியஸ். ஆனால் தென் அமெரிக்க நாடுகளின் தொடரான கோபா அமெரிக்காவில் பிரேசில் காலிறுதியில் வெளியேறியபோது அவர் மஞ்சள் அட்டைத் தடையில் வெளியே உட்கார்ந்திருந்தார். ரோட்ரி அதே கோடையில் ஸ்பெயின் அணியோடு ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பையை வென்று தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானார். நான் நடுவராக இருந்தால் வினிசியஸுக்குப் போட்டிருப்பேன். அதனால் ரோட்ரிக்குப் போட்டவர்களைக் கைக்கூலி என்று சொல்ல எனக்கு உரிமை வந்துவிடாது. ஒன்று மட்டும் வெட்கக்கேடு: வினிசியஸின் பெயரைப் பத்துப் பேர் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன் என்று பின்லாந்து நடுவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

டிசம்பரில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். கேப்டன்கள், பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள், ரசிகர்கள் சேர்ந்து வாக்களித்த தி பெஸ்ட் விருது 48க்கு 43 என்ற கணக்கில் வினிசியஸுக்குப் போனது. அதே ஆட்டக்காரர்கள், அதே பருவம். வாக்காளர் மாறினார்கள், விடையும் மாறியது. முந்தைய தி பெஸ்டில் மெஸ்ஸியும் ஹாலந்தும் தலா 48 புள்ளியில் சமமாக நின்றார்கள்; கேப்டன்களின் முதலிட வாக்கு யாருக்கு அதிகம் என்று பார்த்து மெஸ்ஸிக்குக் கொடுத்தார்கள்.

டிரெஸ்ஸிங் ரூமில் பிடிக்காதவருக்கு விருது கிடைக்காது என்கிறார்களே?

பாலன் டி'ஓரில் எந்த டிரெஸ்ஸிங் ரூமுக்கும் வாக்கு கிடையாது. வாக்களிப்பது பத்திரிகையாளர், அவருக்கு உள்ளே நடப்பது உங்களைப் போலவே செய்தியில்தான் தெரியும். தி பெஸ்டில் கேப்டன் தனக்கே போட்டுக்கொள்ள முடியாது, சக வீரருக்குப் போடலாம். ஆகவே சிறு கணக்குத் தீர்த்தல்களுக்கு அங்கே இடமுண்டு.

முழுக்க ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுப்பது இங்கிலாந்தில் வீரர்கள் சங்கம் தரும் ஆண்டு விருது, 1974 முதல் நடக்கிறது. ஆடுபவர்களிடம் கேட்டால் பலர் இதைத்தான் உயர்வாகச் சொல்வார்கள். தன்னை 90 நிமிடம் ஓடவிட்டவனுக்குப் போடும் வாக்கல்லவா?

பூட்டிய அறைக்குள் நடந்தது மறுநாள் பத்திரிகைக்கு எப்படி வருகிறது?

பூட்டு பெயரளவுக்குத்தான். அந்த அறையில் ஆடுபவர்கள், மாற்று வீரர்கள், உதவிப் பயிற்சியாளர்கள், மருத்துவர், உடை கவனிப்பவர் என்று பெரிய கூட்டமே இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு நண்பர், பலருக்கு ஓர் ஏஜென்ட். ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருக்கும் வீரரின் ஏஜென்டுக்கு, "அவர் மகிழ்ச்சியாக இல்லை" என்ற வரி அச்சில் வந்தால் பேரம் பேச வசதி. விற்க நினைக்கும் கிளப்புக்கு, "அவர் பயிற்சியில் ஒத்துழைப்பதில்லை" என்ற வரி வந்தால் ரசிகர் கோபம் தணியும்.

பத்திரிகைகளுக்கும் ஊர் உண்டு. மார்க்காவும் ஆஸும் மாட்ரிட்டில், ஸ்போர்ட்டும் முண்டோ டெபோர்டிவோவும் பார்சிலோனாவில். எதிர் ஊர் அணியின் அறையில் புகை என்றால் இந்த ஊர் கடையில் பத்திரிகை கூடுதலாகப் போகும். பிறகு மொழிபெயர்ப்பில் நடப்பதைக் கேளுங்கள். ஸ்பானிஷில் "கிளப்புக்கு நெருக்கமான சிலரின் கருத்துப்படி அவருக்கு வருத்தம் இருக்கலாம்" என்று தொடங்குவது, ஆங்கிலத்தில் "வருத்தத்தில் இருக்கிறார்" ஆகிறது. தமிழ் வீடியோவின் முகப்பில் இரண்டு பேர் படத்துக்கு நடுவே மின்னல் கீறலோடு "வெடித்தது மோதல்!" என்று வந்து நிற்கும். என் அக்கா மகன் இரவு ஒரு மணிக்கு அதைத்தான் எனக்கு அனுப்புவான்.

சரி, எந்த வதந்தியை நம்புவது?

முதலில், சொல்கிறவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று மேலே சொன்னபடி பாருங்கள். அடுத்து, கண்ணால் பார்க்கக்கூடிய ஏதாவது பின்தொடர்கிறதா என்று காத்திருங்கள். 2003 பிப்ரவரி 15-இல் மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் ஆர்சனலிடம் எஃப்.ஏ. கோப்பையில் 2-0 என்று தோற்றது. அறைக்குள் யுனைடெட்டின் பயிற்சியாளர் ஃபெர்குசன் கோபத்தில் உதைத்த காலணி ஒன்று பறந்து பெக்காமின் கண்ணுக்கு மேலே கீறியது. இதை யாரும் அறிக்கை விட்டுச் சொல்லவில்லை. பெக்காம் காரில் போகும்போது, நெற்றியில் விழும் நீள முடியை ஒரு பட்டையால் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தார். காயமும் அதன்மேல் ஒட்டிய பிளாஸ்திரியும் எல்லாக் கேமராவுக்கும் பளிச்சென்று தெரிந்தன. அன்று முடியை முன்னால் விட்டிருந்தால் அது வதந்தியாகவே போயிருக்கும். அந்தக் கோடையில் அவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார்.

கிளப் அறிக்கைகளின் மொழியையும் பழகிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 என்று தோற்ற இரவில் பேயர்ன் மியூனிக்கின் மானே சக வீரர் சானேயின் முகத்தில் அடித்தார் என்று செய்தி பரவியது. பேயர்ன் அறிக்கையில் அடி என்ற சொல்லே இல்லை. "தவறான நடத்தை" என்றது, அபராதம் விதித்தது, அடுத்த போட்டிக்கான அணியிலிருந்து நீக்கியது. சொல் மழுப்பலாக இருக்கலாம், தண்டனை மழுப்பலாக இல்லை. கோடையில் மானே கிளப்பை விட்டே போய்விட்டார்.

சில உண்மைகள் மெதுவாக வரும். 2004-இல் ஆர்சனலின் 49 போட்டித் தோல்வியில்லா ஓட்டத்தை யுனைடெட் நிறுத்திய அன்று, சுரங்கப் பாதையில் ஃபெர்குசன்மேல் பீட்சா எறிந்தது யார் என்பது பெரிய மர்மம். நான்தான் என்று அப்போது ஆர்சனலில் இருந்த ஃபாப்ரிகாஸ் ஒப்புக்கொண்டது 2017-இல்.

விருதுக்கும் போனஸுக்கும் ஆசைப்பட்டு சக வீரர்களே அடித்துக்கொள்வது உண்மையா?

அடித்துக்கொண்டார்களோ இல்லையோ, பந்தைப் பிடுங்கிக்கொண்டதை உலகமே பார்த்தது. 2017 செப்டம்பர் 17, பாரிஸ் அணிக்கும் லியோனுக்கும் போட்டி. ஒரு ஃப்ரீ கிக்குக்குக் கவானி பந்தைக் கேட்கிறார். டேனி ஆல்வெஸ் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கவானியைத் தாண்டி, நெய்மாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பிறகு பெனால்டி. இம்முறை கவானி விடவில்லை. நெய்மார் அருகில் வந்து ஏதோ முணுமுணுத்து விலகுகிறார். கவானி உதைக்கிறார், கோல்கீப்பர் தடுத்துவிடுகிறார். அன்று அறைக்குள் கைகலப்பு என்ற செய்தியும், லீக்கில் அதிகக் கோல் அடித்தால் கவானிக்குப் பத்து லட்சம் யூரோ போனஸ் என்ற செய்தியும் அதன் பின்னால் வந்தவை. கதையின் முதல் பாதிக்கு வீடியோ சாட்சி, மறுபாதிக்குப் பெயரில்லாத வட்டாரம் சாட்சி; இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

2018 ஜனவரியில் டிஜோனை 8-0 என்று அடித்த இரவில் கதை தொடர்ந்தது. கிளப்புக்காக அடித்த கோல்களில் இப்ராஹிமோவிச்சின் 156 என்ற சாதனையை அன்று சமன் செய்த கவானிக்கு இன்னும் ஒன்று போதும். பெனால்டி கிடைத்தது. மைதானமே கவானியின் பெயரைக் கத்தியது. நெய்மார் தானே அடித்துத் தன் நான்காவது கோலைப் போட்டுக்கொண்டார். சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். நான்கு கோல் அடித்தவனை ஊளையிட்டு அனுப்பியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அறைக்குள் சண்டை என்றால் அணி தோற்கும், சரிதானே?

ஆண்டி கோலும் டெடி ஷெரிங்ஹாமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. 1995-இல் இங்கிலாந்துக்காக ஆண்டி கோல் முதல் போட்டி ஆட மாற்று வீரராக இறங்கியபோது, வெளியே வந்த ஷெரிங்ஹாம் கைகொடுக்காமல் போய்விட்டார் என்பதில் தொடங்கியது. ஆண்டி கோலே பின்னாளில் இதை எழுதினார். அந்த இருவரும் ஒரே முன்களத்தில் இருந்த யுனைடெட் 1999-இல் மூன்று கோப்பைகளை வென்றது. பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இறுதியில் சமன் செய்த கோல் ஷெரிங்ஹாமுடையது.

ஸ்பெயின் பெண்கள் அணி இன்னும் வலுவான சான்று. 2022 செப்டம்பரில் 15 வீராங்கனைகள், நிலைமை மாறாதவரை எங்களை அணிக்கு அழைக்க வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதினார்கள். அவர்களில் மூவர் மட்டுமே திரும்பி உலகக்கோப்பைக்குப் போனார்கள். பயிற்சியாளரும் மாறவில்லை. 2023 ஆகஸ்டில் கோப்பையை வென்றார்கள். திரும்பிய மூவரில் ஒருவரான அய்தானா பொன்மதி தொடரின் சிறந்த வீராங்கனை. அதே ஆண்டு பாலன் டி'ஓரும் அவருக்கே, அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவருக்கே.

எதிர்ப்பக்கத்தில் 2010 உலகக்கோப்பையின் பிரான்ஸ் அணி இருக்கிறது. மெக்சிகோ போட்டியின் இடைவேளையில் அனெல்கா பயிற்சியாளர் டொமெனெக்கைத் திட்டினார் என்று லெக்கிப் பத்திரிகை வசையை முதல் பக்கத்தில் போட்டது. அனெல்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார், மறுநாள் அணி பயிற்சி செய்ய மறுத்துப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது. வெளியே சொன்ன துரோகி யார் என்பதுதான் கேப்டன் எவ்ராவின் கவலை. அச்சில் வந்த வாசகம் அப்படியே சொல்லப்பட்டதல்ல என்று அனெல்கா மறுத்தார். டொமெனெக்கும் பின்னாளில் அதே பொருளில் பேசினார். என் கணக்கில் அந்த அணியைக் கவிழ்த்தது திட்டல்கூட இல்லை. அது வெளியே வந்தபின் எல்லோரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டதுதான்.

வீரர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு பேசுகிறார்கள்?

உதட்டைப் படிக்கும் ஆள்கள் இருப்பதால். 2021 செப்டம்பரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எம்பாப்பே, நெய்மார் எனக்குப் பந்தே தருவதில்லை என்று ஒரு வசையோடு சொன்னதைக் கேமரா பிடித்தது. பின்னர் அவரே பேட்டியில் ஒப்புக்கொண்டார். அதிகம் படிக்க அதில் ஒன்றுமில்லை. தெரு மைதானத்தில் ஆடிய யாரும் இதைச் சொல்லாமல் வளர்ந்திருக்க மாட்டார்கள்.

பாலன் டி'ஓருக்கு எவ்வளவு பணம்?

பரிசுத் தொகை கிடையாது. கோப்பை மட்டும், பாரிஸின் மெல்லெரியோ நகைக்கடை செய்வது. பித்தளைமேல் தங்க முலாம் பூசியது. அடியில் இருப்பது பைரைட் கல், தங்கம்போல் மின்னும் ஆனால் தங்கமல்லாத அதே கல். பணம் வேறு வாசலில் வரும்: ஒப்பந்தத்தில், விளம்பரத்தில். 2015-இல் மார்சியாலை யுனைடெட் வாங்கியபோது, அவர் இந்த விருதின் பட்டியலில் இடம்பெற்றால் பழைய கிளப்புக்குக் கூடுதல் தொகை என்ற நிபந்தனை இருந்ததாகச் செய்தி வந்தது. வீரரைவிட அவரை விற்ற கிளப் வாக்கெடுப்பை ஆவலாகப் பார்க்கும் நிலைமை.

மெஸ்ஸியா, ரொனால்டோவா?

பாலன் டி'ஓர் கணக்கில் எட்டு, ஐந்து. மேற்கொண்டு பேச வேறு ஆளைப் பாருங்கள்.

விழாவுக்கு வராதவர்கள் எல்லாம் கோபத்தில்தானே வருவதில்லை?

2024-இல் ஆமாம். வெல்பவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் வழக்கத்தை அந்த ஆண்டு நிறுத்தியிருந்தார்கள். தங்கள் ஆள் வெல்லவில்லை என்று எப்படியோ ஊகித்துக்கொண்ட ரியல் மாட்ரிட், அக்டோபர் 28 அன்று ஒருவரைக்கூட பாரிஸுக்கு அனுப்பவில்லை. ஆண்டின் சிறந்த கிளப், சிறந்த பயிற்சியாளர் இரண்டு விருதுமே அவர்களுக்குத்தான் அறிவிக்கப்பட்டன, வாங்கிக்கொள்ள ஆளில்லை. முழங்கால் தசைநார் கிழிந்திருந்த ரோட்ரி ஊன்றுகோலோடு மேடை ஏறினார்.

2025 செப்டம்பர் 22-இல் பாரிஸ் அணி வீரர்கள் பெரும்பாலும் வரவில்லை என்று பார்த்ததும், அணியில் பிளவு என்று எனக்கு நான்கு செய்திகள் வந்தன. உண்மை இதுதான்: மார்செய்யில் ஞாயிறு நடக்கவேண்டிய லீக் போட்டி புயல் எச்சரிக்கையால் திங்களுக்குத் தள்ளிப்போனது. விழாவும் அதே திங்கள் இரவு. சிறந்த பயிற்சியாளராக அறிவிக்கப்பட்ட லூயிஸ் என்ரிகே உட்பட எல்லோரும் மார்செய் மைதானத்தில் இருந்தார்கள். அந்த ஆண்டு பாலன் டி'ஓர் வென்ற பாரிஸ் வீரர் டெம்பெலேக்குக் காயம், ஆட முடியாததால்தான் அவரால் விழாவுக்கே வர முடிந்தது. கோப்பையை வாங்கியதும் குரல் உடைந்து, அம்மாவை மேடைக்கு அழைத்து அருகில் நிறுத்திக்கொண்டார். அதே இரவு மார்செய்யில் அவருடைய அணி 1-0 என்று தோற்றது.